"அது ரொம்பப் பழைய படம்": சூப்பர்ஹீரோ படத்துல வர்ற ரெஃபரன்ஸ் எந்தத் தலைமுறைக்கு?

2016ல வந்த கேப்டன் அமெரிக்கா: சிவில் வார் படத்துல அந்த ஏர்போர்ட் சண்டைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஆன்ட்மேன் திடீர்னு கட்டடம் உசரத்துக்கு வளர்ந்து நிக்கிறான், அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கோட டீம்ல யாருக்கும் என்ன பண்றதுன்னு தெரியல, அப்ப ஸ்கூல் பையன் பீட்டர் பார்க்கர், அதான் ஸ்பைடர்மேன், தொங்கிக்கிட்டே கேக்கறான், எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்னு ஒரு ரொம்பப் பழைய படம், நீங்கல்லாம் பாத்திருக்கீங்களான்னு. அந்தப் படத்துல பனி கிரகத்துல நடந்து வர்ற ராட்சச மெஷினோட கால்ல கேபிள் சுத்திச் சுத்தி குப்புற விழ வைப்பாங்க, அதையே இங்க நம்ம வலைய வச்சுப் பண்ணலாம்ங்கறது அவன் ஐடியா. உடனே டோனியோட நண்பன் ரோடி, இந்தப் பையனுக்கு என்ன வயசுங்கறாரு. தெரியல, நான் ஒண்ணும் கார்பன் டேட்டிங் பண்ணிப் பாக்கலங்கறாரு டோனி. ஸ்டார் வார்ஸ் வரிசையில எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக் வந்தது 1980. அந்தப் படத்த தியேட்டர்ல பாத்து வளர்ந்தவங்க சிவில் வார் பாக்க தன் புள்ளைங்கள கூட்டிட்டு வந்திருந்தாங்க, "ரொம்பப் பழைய படம்"னு அவன் சொன்ன வார்த்தை நேரா அவங்க மேலதான் போய் விழுந்துச்சு.

இந்த இருபது செகண்ட்ல நடக்கற வேலைய கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. அந்தப் பழைய படத்த பாத்தவன் சீன் ஆரம்பிக்கறப்பவே முடிவ கண்டுபிடிச்சுட்டு சிரிக்கிறான். பாக்காதவனுக்கும் ஒரு நஷ்டமும் இல்ல, கால்ல கயிறு சுத்தினா விழுவான்ங்கறத கண்ணால பாத்தாலே புரியும். மூணாவதா ஒரு சிரிப்பு இருக்கு, அது படத்தப் பத்தியே இல்ல, ஒரு பொடியன் பெரியவங்கள கிழவங்களாக்கிட்டான்ங்கற சிரிப்பு, அதுக்கு எந்தப் படமும் பாத்திருக்க வேணாம். அதாவது தலைமுறை இடைவெளிய மறைக்கப் பாக்காம அதையே ஜோக்கா ஆக்கிட்டாங்க. என்னக் கேட்டா சூப்பர்ஹீரோ படத்துல ரெஃபரன்ஸ் (வேற படத்தையோ பாட்டையோ ஞாபகப்படுத்தற ஜோக்) உருப்படியா வேலை செஞ்ச இடம் எதை எடுத்தாலும் பெரும்பாலும் உள்ள இந்த சூத்திரம்தான் இருக்கும், கெட்டுப்போன இடம் எதை எடுத்தாலும் இது காணாம போயிருக்கும்.

அதே பீட்டர் இன்ஃபினிட்டி வார்ல (2018) "ஏலியன்ஸ்னு ஒரு ரொம்பப் பழைய படம்"னு மறுபடி ஆரம்பிப்பான், அது 1986. ஆனா எனக்கு இதவிட பிடிச்சது ஃபார் ஃப்ரம் ஹோம்ல (2019) வர்றது. ஜெட்ல டோனிகிட்ட ரொம்ப வருஷம் வேலை பாத்த ஹாப்பி, ஏசி/டிசிங்கற ராக் பேண்டோட பாட்டு ஒண்ணப் போடறாரு, பேக் இன் பிளாக், 2008ல அயர்ன்மேன் முதல் படம் ஆரம்பிச்சதே அந்தப் பாட்டோடதான், டோனி செத்த அப்புறம் அந்தப் பாட்டக் கேக்கறப்ப மனுஷனுக்கு உள்ள என்னமோ பண்ணுது, அந்த நேரம் பாத்து பையன் "ஆ, லெட் செப்லின்னா எனக்கு உயிரு"ங்கறான். பேண்டே தப்பு! ஹாப்பி திருத்தக்கூட இல்ல, அப்படியே விட்டுட்டாரு. ராக் மியூசிக் தெரிஞ்சவன் தலையில அடிச்சுக்குவான், தெரியாத பன்னண்டு வயசுப் பொண்ணுக்கு ஹாப்பி மூஞ்சியப் பாத்தாலே போதும், ஏதோ சொதப்பிட்டான்னு தெரிஞ்சுடும்.

டெட்பூல்ல (2016) இதே விஷயம் இன்னும் அப்பட்டமா இருக்கு. மொட்டையடிச்ச மாதிரி முடி வெட்டின டீனேஜ் பொண்ணப் பாத்து டெட்பூல், நீ ஏலியன் 3ல வர்ற ரிப்ளி மாதிரி இருக்கங்கறான். அது 1992 படம். அந்தப் பொண்ணு அசராம, யோவ் நீ எவ்ளோ கிழவன்யாங்கற மாதிரி ஒரு கெட்டவார்த்தையோட பதில் சொல்லுது. இவன் பொய்யா சிரிச்சுட்டு, உள்ள இருக்கற வலிய மறைக்கிறேன்னு வேற சொல்றான். அந்தப் படம் முழுக்க இருக்கற ரெஃபரன்ஸ எல்லாம் ஒரு நாப்பது வயசு ஆளோட தலைக்குள்ள இருந்து வர்றது, அத படமே ஒத்துக்குது, அதனாலதான் அது சீன் போடற மாதிரி தோணல.

இந்த விளையாட்ட பெரிய அளவுல ஆரம்பிச்சு வச்சது கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ்னு சொல்லலாம். அவர் 1945ல பனியில உறைஞ்சு போனவர், முழிச்சப்ப உலகம் ஒரு அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓடிப்போயிருந்துச்சு. 2012 அவெஞ்சர்ஸ்ல டோனி வாயத் தொறந்தா ஒரு சினிமா பேரு வரும், வில்லு விடற ஹாக்ஐய லெகோலஸ்ம்பான் (லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல வர்ற வில்லாளி), தோர பாயிண்ட் பிரேக்ம்பான் (1991 படம், பொன்னிற நீள முடி வச்ச சர்ஃபர் திருடன் கதை), ஸ்டீவுக்கு ஒண்ணும் ஓடாது. அப்ப அவங்கள ஒண்ணு சேத்த நிக் ஃப்யூரி வில்லன் லோக்கியப் பத்திப் பேசறப்ப, எங்க ஆளுங்க ரெண்டு பேர தன்னோட பறக்கற குரங்குங்களா மாத்திட்டான்ங்கறாரு. தோர் குரங்கா, புரியலையேங்கறான். ஸ்டீவ் மட்டும் துள்ளிக் குதிச்சு, எனக்குப் புரிஞ்சுது, அந்த ரெஃபரன்ஸ் எனக்குப் புரிஞ்சுதுங்கறாரு. பறக்கற குரங்குங்க வர்ற தி விசார்ட் ஆஃப் ஆஸ் வந்தது 1939, அவர் உறையறதுக்கு முன்னாடி பாத்திருக்கலாம், கணக்கு சரியா இருக்கு. அந்த ஒரு வரி அப்புறம் இன்டர்நெட்ல ஜிஃப்பா சுத்தி சுத்தி வந்து, இன்னிக்கு எத்தனையோ பேர் அந்த ஜிஃப்ப போடறாங்க, பறக்கற குரங்கு எந்தப் படம்னு தெரிஞ்சுக்கிட்டா போடறாங்க? கிடையாது. புரிஞ்சுதுங்கற அந்த சந்தோஷம் மட்டும் தனியா பிரிஞ்சு வந்து வாழுது.

அப்புறம் வின்டர் சோல்ஜர் (2014) ஆரம்பத்துல ஸ்டீவ் பாக்கெட்ல ஒரு குட்டி நோட்டு இருக்கும், தான் தூங்கின காலத்துல என்னல்லாம் மிஸ் பண்ணினோம்னு எழுதி வச்ச லிஸ்ட். அமெரிக்காவுல ஓடின பிரிண்ட்ல ஐ லவ் லூசி, நிலாவுல கால் வச்சது, டிஸ்கோ, தாய் சாப்பாடு, நிர்வாணா பேண்ட், ராக்கி, ஸ்டார் வார்ஸ் இதெல்லாம் இருக்கும். பிரிட்டன்ல ஓடினதுல பீட்டில்ஸ், ஷான் கானரி, 1966 வேர்ல்ட் கப் ஃபைனல். கொரியாவுல ஓல்ட்பாய் படமும் கால்பந்து வீரர் பார்க் ஜி சுங்கும். ஒரே ஷாட்ட நாட்டுக்கு நாடு மாத்திப் போட்டாங்க. ரெஃபரன்ஸ் வேற ஊருக்குப் போனா செத்துடும்னு ஸ்டூடியோவுக்கே நல்லாத் தெரியும்ங்கறதுக்கு இதவிட சாட்சி வேணாம். வயசு மாதிரியே ஊரும் ஒரு இடைவெளிதான், அமெரிக்காவுல 1985ல வளர்ந்தவனுக்கு இருக்கற ஞாபகம் அதே வருஷம் வேற நாட்டுல வளர்ந்தவனுக்கு இருக்காது, அவன் வயசுல பெரியவனா இருந்தும் அந்த ஜோக்குக்கு சின்னப் பையன் மாதிரி முழிப்பான்.

இந்த இடத்துலதான் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி (2014) செஞ்ச வேலைய ரொம்ப கெட்டிக்காரத்தனம்னு நினைக்கிறேன். ஹீரோ பீட்டர் குவில்ல 1988ல எட்டு வயசுப் பையனா பூமியில இருந்து தூக்கிட்டுப் போயிடறாங்க, கையில வாக்மேன், உள்ள அம்மா பதிஞ்சு குடுத்த கேசட். அதனால அவன் தலையில பூமி 1988லயே நின்னு போச்சு. பாட்டுங்க அதுக்கும் முந்தி, பெரும்பாலும் 60கள் 70கள்ல வந்தது, ஏன்னா அது அவன் அம்மாவோட இளமைக்காலம். அப்ப தியேட்டர்ல உக்காந்திருக்கற பதினஞ்சு வயசுக்காரன் கேக்கறது தன்னோட காலத்துப் பாட்டும் இல்ல, ஹீரோவோட காலத்துப் பாட்டும் இல்ல. ஆனா யாரும் அன்னியமா உணரல, ஏன்னா செத்துப்போன அம்மா குடுத்த கேசட்னு தெரிஞ்சா போதும், பாட்டு பேரு யாருக்கு வேணும். அந்த சவுண்ட்ட்ராக் ஆல்பம் 2014 ஆகஸ்ட்ல அமெரிக்க ஆல்பங்களோட பில்போர்டு 200 லிஸ்ட்ல முதல் இடத்துக்கு வந்துச்சு, புதுப்பாட்டு ஒண்ணுகூட இல்லாம முழுக்க ஏற்கனவே வெளிவந்த பாட்டுங்களா இருந்து ஒரு சவுண்ட்ட்ராக் அந்த இடத்தப் பிடிச்சது அதுதான் முதல் தடவை. கேசட்டாவே கூட விட்டாங்க, வாங்கினவங்க எத்தன பேர் வீட்டுல அதப் போட்டுக் கேக்க பிளேயர் இருந்துச்சோ!

அதே படத்துல ஃபுட்லூஸ் (1984) ஜோக். குவில் தன்கூட இருக்கற வேற கிரகத்துப் பொண்ணு கமோராகிட்ட அத ஒரு புராணக்கதை மாதிரி சொல்றான், எங்க கிரகத்துல கெவின் பேகன்னு ஒரு மாவீரன் இருந்தான், நடனம்தான் உலகத்துலயே பெரிய விஷயம்னு ஒரு ஊருக்கே கத்துக்குடுத்தான்னு. கமோராவுக்கு ஃபுட்லூஸ் தெரியாது, நமக்கும் தெரியாம இருக்கலாம், ஆனா என்ன தேவையோ அத படமே சொல்லிக் குடுத்துடுது. கடைசியில அவ "நாமளும் கெவின் பேகன் மாதிரிதான்"னு சொல்றப்ப அந்த ஜோக் எல்லாருக்கும் சமமா சேருது, ஏன்னா ரெஃபரன்ஸோட அர்த்தம் படத்துக்குள்ளயே உருவாச்சு. நாலு வருஷம் கழிச்சு இன்ஃபினிட்டி வார்ல குவில் பீட்டர் பார்க்கர்கிட்ட, ஃபுட்லூஸ் இன்னும் சினிமா வரலாற்றுலயே பெஸ்ட் படம்தானேன்னு கேப்பான். பையன் எப்பவுமே இல்லைனு சொல்லி ஒரே வெட்டு. 1988ல நின்னுபோனவனும் 2000க்கு அப்புறம் பொறந்தவனும் நேருக்கு நேரா மோதற இடம் அது, இதுக்கு மேல ஒரு வசனத்துல தலைமுறை இடைவெளியக் காட்ட முடியுமான்னு தெரியல.

சரி, ஏன் எப்பப் பாத்தாலும் 80களும் 90களுமே வருது? முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது, எழுதறவங்க வயசு. கார்டியன்ஸ் டைரக்டர் ஜேம்ஸ் கன் பொறந்தது 1966, ஃபுட்லூஸ் வந்தப்ப அவருக்கு பதினேழு வயசு. டெட்பூலா நடிச்ச ரையன் ரெனால்ட்ஸ் 1976. ஸ்டூடியோ ஒரு ஆளை நம்பி இருபது கோடி டாலர் குடுக்கறதுக்குள்ள அந்த ஆளுக்கு நாப்பது வயசு தாண்டிடும், அவர் கைவசம் இருக்கறது அவர் சின்ன வயசு ஞாபகம்தான். டிக்கெட் வாங்கற அப்பா அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயசு, அதனால யாரும் அத நிறுத்தச் சொல்றதும் இல்ல.

ரெண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாத் தோணுது. அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணையே பாத்தாங்க. அமெரிக்காவுல பெரிய டிவி நெட்வொர்க் மொத்தமே மூணு, 1983 பிப்ரவரியில மேஷ்ங்கற சீரியலோட கடைசி எபிசோட கிட்டத்தட்ட 10 கோடியே 60 லட்சம் பேர் ஒரே ராத்திரியில பாத்தாங்க. அப்படி ஒரு கூட்டம் இருக்கறப்ப ஒரு வசனத்த எடுத்து விட்டா பாதி நாட்டுக்குப் புரியும். இன்னிக்கு பதினாலு வயசுப் பையன் பாக்கற யூடியூப் சேனலோட பேரு பக்கத்து பெஞ்சு பையனுக்கே தெரியாது, ஆளுக்கு ஒரு அல்காரிதம், ஆளுக்கு ஒரு உலகம். அப்ப எத ரெஃபரன்ஸா வைக்க முடியும்? எல்லாருக்கும் பொதுவா கடைசியா இருந்த சரக்கு பழசுதான்னு ஆயிடுது. போதாததுக்கு ஒரு மீம் சில மாசத்துல செத்துடும், படமோ ஸ்கிரிப்ட்ல இருந்து திரைக்கு வர ரெண்டு மூணு வருஷம் ஆகும், சுடச்சுட எழுதின ஜோக் வெளிய வர்றப்ப ஆறி அவலாயிருக்கும். எண்ட்கேம்ல (2019) தோரும் அவன் கூட்டாளி கோர்கும் ஃபோர்ட்நைட் வீடியோ கேம் விளையாடற சீன் ஒரு துணிச்சல்தான், அந்த கேம் வந்தே ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல, நல்லவேளை அது இன்னும் உயிரோட இருக்கறதால சீன் தப்பிச்சுது. இன்ஃபினிட்டி வார்ல டோனி வில்லன் கூட்டத்து எபனி மாவ ஸ்குவிட்வர்டுன்னு கூப்பிடறதும் அப்படித்தான், அது வர்ற ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் 1999ல ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டு இருக்கு, பெத்தவங்களுக்கும் தெரியும் புள்ளைங்களுக்கும் தெரியும், அந்த மாதிரி ரெண்டு பக்கமும் செல்லுபடியாகற நாணயம் ரொம்பக் கொஞ்சம்.

காசு கணக்கும் உண்டு, அத விட்டுட முடியாது. டிஸ்னி 2009ல மார்வெல வாங்குச்சு, 2012ல ஸ்டார் வார்ஸோட கம்பெனிய வாங்குச்சு, 2019ல ஃபாக்ஸ வாங்குச்சு. பீட்டர் பார்க்கர் எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்கப் பத்திப் பேசறப்ப அது ஒரு வீட்டுக்குள்ளயே நடக்கற பேச்சு. அதுக்காக அந்த ஜோக் விளம்பரம்னு நான் சொல்ல வரல, நல்ல ஜோக்தான். ஆனா புதுத் தலைமுறைக்குப் பழைய படத்த அறிமுகம் பண்றதுல கம்பெனிக்கு லாபம் இருக்குங்கறதும் உண்மை.

இது சினிமாவோட தொடங்கின வியாதியும் இல்ல. மார்வெல் காமிக்ஸ்ல 1965லயே ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 130ஆவது இதழ்ல பீட்டில்ஸ் வந்துட்டாங்க, அப்ப அது படு ஃப்ரெஷ். சிக்கல் என்னன்னா காமிக்ஸ் ஹீரோவுக்கு வயசே ஆகாது, பாட்டுக்கும் போருக்கும் ஆகும். டோனி ஸ்டார்க்க 1963 காமிக்ஸ்ல பிடிச்சு வச்சது வியட்நாம்ல, 2008 படத்துல அது ஆப்கானிஸ்தானா மாறிடுச்சு, மாத்தலைன்னா அவர் எழுபது வயசுக் கிழவரா இருக்கணும். அதாவது ஹீரோவ இளமையா வச்சுக்கறதுக்காக அவன சுத்தி இருக்கற காலத்த அடிக்கடி அழிச்சு அழிச்சு எழுதறாங்க, பழைய இதழ எடுத்துப் படிக்கறவன் மட்டும் பீட்டில்ஸ் எப்படி இங்கனு முழிப்பான்.

1978 சூப்பர்மேன் படத்துல ஒரு அருமையான சின்ன ஜோக் இருக்கு. கிளார்க் கென்ட் அவசரமா டிரஸ் மாத்தணும், கண்ணுல படறது கதவு இல்லாத, வெறும் போன் மட்டும் மாட்டின பே போன், அத மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்துட்டு வேற இடம் தேடி ஓடறாரு. சூப்பர்மேன் போன் பூத்துக்குள்ள போய் உடை மாத்துவான்ங்கறது 1941 கார்ட்டூன்ல இருந்து எல்லாருக்கும் பழகின விஷயம், பூத் எல்லாம் காணாமப் போறது 1978ல புதுசு. இன்னிக்கு அதப் பாக்கற குழந்தைக்கு பூத்தும் தெரியாது, பே போனும் தெரியாது, ஜோக் ரெண்டு மாடி சேர்ந்து இடிஞ்சு விழுந்துடுச்சு. கேப்டன் மார்வெல்லயும் (2019) இதே கதிதான் வரும்னு தோணுது, கதை நடக்கறது 1995, ஹீரோயின் விழறதே பிளாக்பஸ்டர் வீடியோ கடை கூரைய பிச்சுக்கிட்டு, அப்புறம் எல்லாரும் கம்ப்யூட்டர்ல ஒரு சிடி லோடாகறத பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. அந்த காத்திருப்ப அனுபவிச்சவன் விழுந்து விழுந்து சிரிப்பான், மத்தவங்களுக்கு அது சும்மா காத்திருப்பு.

1966 பேட்மேன் சீரியல் இதுக்கு வேற வழி கண்டுபிடிச்சிருந்துச்சு. குழந்தைங்களுக்கு அது சீரியஸ் சாகசம், பெரியவங்களுக்கு அதே காட்சி கேலி, பேட்மேனா நடிச்ச ஆடம் வெஸ்ட் சிரிக்காம பேசப் பேச பெரியவங்க சிரிப்பாங்க. ஒரே சீன்ல ரெண்டு தலைமுறை ரெண்டு விதமா பாக்கும், யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. அந்த சீரியல் காலம் போகப் போக அவமானமா ஆகி, அப்புறம் செல்லமா ஆச்சு. 2017 லெகோ பேட்மேன்ல ஆல்ஃப்ரெட், நீங்க இந்த மாதிரி மூட்ல 2016, 2012, 2008, 2005, 1997, 1995, 1992, 1989லயும் இருந்தீங்க, அப்புறம் 1966ல அந்த விநோதமான காலம் வேறன்னு வருஷத்த மட்டும் அடுக்குவாரு. ஒவ்வொண்ணும் ஒரு பேட்மேன் படம். குழந்தைக்கு அது வயசான வேலைக்காரர் பொலம்பறது, பெரியவனுக்கு தன் வாழ்க்கையோட காலண்டர்.

இந்த லெகோ வசனம் இன்னொண்ணுக்கும் அடையாளம். ரெஃபரன்ஸ் வெளிய இருந்து வர்றது குறைஞ்சு சூப்பர்ஹீரோ படமே சூப்பர்ஹீரோ படத்த ரெஃபர் பண்ண ஆரம்பிச்சுது. எக்ஸ்மென் அபோகலிப்ஸ்ல (2016) பசங்க 1983ல ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை பாத்துட்டு வெளிய வர்றப்ப, மூணாவது படம்தான் எப்பவும் மோசம்னு ஒரு பொண்ணு சொல்லும், அது ஸ்டார் வார்ஸ குத்தற மாதிரி இருந்தாலும் அடி விழுந்தது 2006ல வந்த சொந்த எக்ஸ்மென் மூணாம் பாகத்து மேல. அப்ப அது ஒரு கண்ணடிப்பு. 2021ல ஸ்பைடர்மேன் படமான நோ வே ஹோம் வர்றப்ப கண்ணடிப்பே கதை ஆயிடுச்சு, 2002ல ஸ்பைடர்மேனா வந்த டோபி மக்வயரும் 2012ல வந்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் உள்ள வந்து நிக்கிறாங்க. ஆனா இங்க ஒரு விசித்திரம் நடந்துச்சு. வில்லனா நடிச்ச வில்லம் டஃபோ 2002ல பேசின "நானும் ஒரு விதத்துல விஞ்ஞானிதான்"ங்கற வசனத்த மறுபடி பேசறாரு, தியேட்டர்ல சிரிச்ச பசங்கள்ல எத்தனையோ பேர் அந்தப் பழைய படத்தப் பாத்தவங்க இல்ல, மீமா பாத்தவங்க. ரெண்டு ஸ்பைடர்மேன் ஒருத்தர ஒருத்தர் கைநீட்டிக் காட்டற படமும் அப்படித்தான், அது 1967 கார்ட்டூன்ல வந்த ஃப்ரேம், அந்த எபிசோட யாரும் தேடிப் பாக்கல, மீம் வழியா வந்து 2018ல இன்டு த ஸ்பைடர்வெர்ஸ் கடைசியில ஏறி, நோ வே ஹோம்லயும் மூணு பேரும் மாத்தி மாத்தி கைநீட்டறாங்க. முன்னெல்லாம் அப்பா புள்ளைக்கு விளக்குவாரு, இந்த விஷயத்துல புள்ளதான் அப்பாவுக்கு விளக்குது, 1967 கார்ட்டூன டிவியில பாத்த தாத்தாவுக்கு அது ஏன் இவ்ளோ சிரிப்புன்னு சத்தியமா புரியாது.

நோ வே ஹோம் உலகம் முழுக்க 190 கோடி டாலர் அள்ளுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்குள்ள இதே மாதிரி தி ஃப்ளாஷ் வந்துச்சு. அதுல மைக்கேல் கீட்டன் 1989 பேட்மேனா திரும்பி வர்றாரு, பழைய வசனத்த திரும்பப் பேசறாரு. அது பரவால்ல. அதுல பேக் டு த ஃப்யூச்சர் ஜோக் ஒண்ணு வரும், காலம் மாறினதால அந்தப் படத்துல மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்குப் பதிலா எரிக் ஸ்டோல்ட்ஸ் நடிச்சிருப்பாரு. இதுக்கு சிரிக்கணும்னா 1985ல வந்த படத்தப் பாத்திருக்கணும், அதோட முதல்ல ஸ்டோல்ட்ஸ வச்சு சில வாரம் ஷூட்டிங் எடுத்துட்டு அவர தூக்கிட்டு ஃபாக்ஸப் போட்டாங்கங்கற சினிமா வம்பும் தெரிஞ்சிருக்கணும். கடைசியில நிக்கோலஸ் கேஜ் சூப்பர்மேனா ஒரு ராட்சச சிலந்தியோட சண்டை போடறாரு, அது எடுக்கப்படவே இல்லாத படம், 1998ல கைவிட்டது, சிலந்தி வேணும்னு ப்ரொட்யூசர் அடம்பிடிச்ச கதை ஃபேன்ஸ் மத்தியில பிரபலம். வராத படத்துக்கே ரெஃபரன்ஸ்! விஷயம் தெரிஞ்சவங்களுக்கே அது சிரிப்ப விட "ஓ, அதுவா"ங்கற தலையாட்டல்தான். படம் உலகம் முழுக்க சுமார் 27 கோடி டாலரோட நின்னுது, இருபது கோடிக்கு மேல செலவு பண்ணின படத்துக்கு அது பெரிய அடி. ஓடாததுக்கு வேற காரணங்களும் இருந்துச்சு, எல்லாப் பழியையும் ரெஃபரன்ஸ் மேல போட மாட்டேன், ஆனா கீட்டன பாக்க வரணும்னா முதல்ல கீட்டன் யாருன்னு தெரியணும், பதினாறு வயசுப் பையனுக்கு அவர் யாரோ ஒரு பெரியவர்.

அப்ப டெட்பூல் & வுல்வரின் (2024) எப்படி 130 கோடி டாலருக்கு மேல சம்பாதிச்சுது, அதுலயும் முழுக்க உள்குத்து ஜோக்தானேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுல வெஸ்லி ஸ்னைப்ஸ் 1998 பிளேடா வர்றாரு, ஜெனிஃபர் கார்னர் 2005 எலெக்ட்ராவா வர்றாங்க, சானிங் டேட்டம் கேம்பிட்டா வர்றாரு, வருஷக்கணக்கா பேசிப் பேசி கடைசியில எடுக்காமலே போன படம் அது. காகிதத்துல பாத்தா ஃப்ளாஷ விட மோசம். ஆனா அந்தப் படம் இவங்க எல்லாரையும் ஒரு குப்பை மேட்டுல வச்சிருக்கு, தூக்கி எறியப்பட்டவங்க, கடைசியா ஒரு தடவை மரியாதையா சண்டை போடணும்னு ஆசைப்படறவங்க. எலெக்ட்ரா யாருன்னு தெரியாதவனுக்கும் அந்த ஆசை புரியும். அதவிட கிறிஸ் எவன்ஸ் ஜோக்குதான் டாப். அவர் முகத்த காட்டினதும் எல்லாரும் கேப்டன் அமெரிக்கான்னு நினைக்கிறோம், டெட்பூலும் அதையே நினைச்சு புல்லரிச்சுப் போய் நிக்கிறான், அவரோ வாயத் தொறந்து "ஃப்ளேம் ஆன்"னு கத்தி 2005 ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஜானி ஸ்டார்மா பறக்கறாரு. 2005 தெரிஞ்சவனுக்கு டபுள் சந்தோஷம், தெரியாதவனுக்கு ஏமாந்த சிரிப்பு, ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. தொடக்கத்துல டெட்பூல் ஆடற பை பை பை 2000ல வந்த என்சிங்க் பாட்டு, அந்த ஆட்டத்த டிக்டாக்ல ஆடிக் காட்டின பொடிசுங்களுக்கு என்சிங்க் யாருன்னே தெரிய வேண்டியிருக்கல.

எனக்கு எரிச்சல் வர்றது இன்னொரு வகையில. ரெஃபரன்ஸ் ஹோம்வொர்க்கா மாறினது. 2022 டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படம் புரியணும்னா வாண்டாவிஷன் சீரிஸ் பாத்திருக்கணும், 2023 தி மார்வெல்ஸ் புரியணும்னா அதோட மிஸ் மார்வெல் சீரிஸும் பாத்திருக்கணும், அந்தப் படம் 20 கோடி டாலர் சொச்சத்தோட முடிஞ்சுது. பறக்கற குரங்கு தெரியாதவன் ஒரு சிரிப்பத்தான் இழப்பான், இங்க கதையே போயிடுது. வயசு இடைவெளி மாறி சந்தா கட்டினவன் கட்டாதவன் இடைவெளி ஆயிடுச்சு.

வேடிக்கை என்னன்னா அந்த வாண்டாவிஷனே (2021) ரெஃபரன்ஸ எப்படிப் பண்ணணும்ங்கறதுக்கு நல்ல உதாரணம். முதல் எபிசோட் 1960கள்ல வந்த டிக் வான் டைக் ஷோ மாதிரி கறுப்பு வெள்ளையில, நிஜமாவே எதிர்ல ஆடியன்ஸ உக்கார வச்சு எடுத்தது, அப்புறம் பிவிட்ச்ட், பிராடி பன்ச்னு ஒவ்வொரு பத்து வருஷமா நகரும். அதெல்லாம் பாக்காத ஆளுக்கு என்ன புரியும்? போதுமான அளவு புரியும், ஏன்னா சிரிப்புச் சத்தம் இருக்கற வீட்டுல ஏதோ தப்பா இருக்குங்கற பயம் தெரிஞ்சா போதும். எட்டாவது எபிசோட்ல காரணமும் வருது, சொகோவியாங்கற போர் நடக்கற நாட்டுல ஹீரோயின் வாண்டாவோட அப்பா விக்கற அமெரிக்க டிவிடிங்கள குடும்பமே உக்காந்து பாக்கறப்ப வீட்டு மேல குண்டு விழுது. அதாவது அந்த சீரியல்ங்க அவளுக்கே வேற நாட்டு, வேற காலத்துச் சரக்கு. இடைவெளி கதாபாத்திரத்துக்குள்ளயே இருக்கு, நம்ம இடைவெளி அதோட சேர்ந்துக்குது.

இப்ப ஒவ்வொரு படம் வந்த சில மணி நேரத்துலயே, நீங்க கவனிக்காத இத்தன விஷயம்னு யூடியூப்ல விளக்க வீடியோ வந்துடுது, இந்தக் கட்டுரையும் அந்த ஜாதிதான் ஒருவிதத்துல. அதனால யாருக்கும் எதுவும் தெரியாமப் போறதில்ல, ஆனா ஜோக்க மறுநாள் வீடியோ பாத்து புரிஞ்சுக்கறவன் சிரிக்கறதில்ல, டிக் அடிக்கிறான். எழுதறவங்களும் அந்த டிக்குக்காகவே எழுத ஆரம்பிச்சுட்டாங்களோன்னு சில படம் பாக்கறப்ப சந்தேகமா இருக்கு.

இதுக்கு நடுவுல அயர்ன்மேன் முதல் படமே பழசாயிடுச்சு, 2008ல வந்தது, இன்னிக்கு ஸ்கூல்ல இருக்கற பசங்க பெரும்பாலும் அப்ப பொறக்கவே இல்ல. சிவில் வார் பாத்த பீட்டர் பார்க்கர் வயசுப் பையன் ஒருத்தனுக்கு இப்ப இருபத்தஞ்சு ஆகியிருக்கும், அவன் எண்ட்கேம்ல கை தட்டினத சொன்னா தம்பி "ரொம்பப் பழைய படம்"ம்பான்.

ஜேம்ஸ் கன் இதுக்கு 2025 சூப்பர்மேன்ல ஒரு குறுக்கு வழி பிடிச்சாரு. கிளார்க் தன்ன ஒரு பங்க் ராக் (கலகக்கார ராக் இசை) ஆளுன்னு சொல்லிக்கிறான், ஆதாரமா மைட்டி கிராப்ஜாய்ஸ்ங்கற பேண்ட் பிடிக்கும்ங்கறான், காதலி லோயிஸ் அதெல்லாம் பங்க்கே இல்ல, ரேடியோவுல ஓடற பாப்புன்னு கலாய்க்கிறா. அப்படி ஒரு பேண்டே உலகத்துல கிடையாது, படத்துக்காக உருவாக்கினது. பதினஞ்சு வயசானாலும் அம்பது வயசானாலும் அதக் கேட்டவங்க யாரும் இல்ல, ஆனா கிளார்க் ஒரு வெள்ளந்தி, பங்க்ல என்ன இருக்குன்னே தெரியாம சொல்லிக்கிட்டு திரியறான்ங்கறது எல்லாருக்கும் ஒரே நொடியில புரியுது. நிஜத்துல இல்லாத பேண்டுக்கு ஒரு ரெஃபரன்ஸ். ஆனாலும் கன்னுக்கு கை சும்மா இருக்குமா, படம் முடியறப்ப நிஜமான ஒரு பாட்ட, பங்க்ராக்கர்ங்கற பாட்டத்தான் போட்டாரு, பாடினது இக்கி பாப், படம் வந்தப்ப அவருக்கு வயசு 78. அவர் யாருன்னு மட்டும் வீட்டுல இருக்கற பெரியவங்ககிட்ட கேட்டுக்குங்க.